சைக்கிளுக்குப் பால் ஊத்தியாச்சா?

உங்க கிளாஸ்லயும் நிச்சயமா ஒருத்தன் இருப்பான். ஃபர்ஸ்ட் ஹவர் பாதியில வந்து, கதவுகிட்ட நின்னு, "சார்... பஞ்சர் சார்..."னு தலையைச் சொறியிறவன். அவன் சொல்றதை யாருமே நம்ப மாட்டாங்க. கடைசி பெஞ்ச்ல இருந்து, "நேத்தும் பஞ்சர், முந்தாநாளும் பஞ்சர். நீ ரோட்டுல வர்றியா, இல்ல ஆணிப் படுக்கையில வர்றியா?"ன்னு ஒரு கமென்ட் வரும். மொத்த கிளாஸும் சிரிக்கும்.

எங்க கிளாஸ்ல அந்த அப்பாவி நான்தாங்க. ஆனா சத்தியமா சொல்றேன், அத்தனை பஞ்சரும் நிஜம்!

எங்க ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில், பரமக்குடியில் இருந்து உள்ளடங்கி இருக்கும் ஒரு கிராமம். காலேஜுக்குப் பதினோரு கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் பத்தரைக்குத்தான். அதுவும் டிரைவர் மனசு வைக்கணும். அதனால் பிளஸ் ஒன் படிக்கும்போது கவர்ன்மென்ட் கொடுத்த சைக்கிள்தான் எனக்குக் காலேஜ் பஸ், ஏசி கார், எல்லாமே.

ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் என்ன இருக்கும் தெரியுமா? சீமைக்கருவேலம். அமெரிக்கக் கண்டத்தில் இருந்து வந்து, எங்க மாவட்டத்தில் ரேஷன் கார்டு வாங்காத குறையாக் குடியேறிவிட்ட மரம். அதோட முள் ரெண்டு இஞ்ச் வரைக்கும்கூட வளரும். காய்ந்த முள் கம்பி மாதிரி நிற்கும். சைக்கிள் டயர் எல்லாம் அதுக்குத் தோசை மாதிரி.

வாரத்துக்கு ரெண்டு பஞ்சர் கேரன்டி. ரோட்டோரம் வேப்பமரத்தடியில் இருக்கும் பஞ்சர் கடைத் தாத்தாவுக்கு என் டியூப் பற்றி என்னைவிட நல்லாத் தெரியும். தண்ணித் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைப் பார்த்துட்டு, "இது போன வாரம் ஒட்டுனதுக்குப் பக்கத்து வீடுப்பா"ன்னு சொல்வார். உப்புத்தாளில் தேய்த்து, சொல்யூஷன் தடவி, ஊதிக் காய வைத்து, பேட்ச் ஒட்டி, சுத்தியலால் ரெண்டு தட்டு. கடைசியில் பேட்ச்களுக்கு நடுவில் டியூப் எங்கே இருக்குன்னு தேட வேண்டிய நிலைமை.

ஃபர்ஸ்ட் இயர் செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்கு ஹாலுக்குள் நான் நுழைந்தபோது அரை மணி நேரம் முடிய ஒரு நிமிஷம்தான் பாக்கி. கையெல்லாம் கிரீஸ். ஆன்சர் ஷீட் முதல் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை, பத்திரப் பதிவு மாதிரி அழுத்தமாகப் பதிந்திருந்தது. அன்னிக்கு முடிவு பண்ணினேன். ஒண்ணு, இந்த முள்ளை ஜெயிக்கணும். இல்லேன்னா, படிப்பை விட்டுட்டு அந்தத் தாத்தாகிட்டயே வேலைக்குச் சேரணும்.

அந்த நேரம் பார்த்து, பெங்களூருவில் வேலை பார்க்கும் எங்க பெரியம்மா பையன், தன்னோட பழைய மவுன்டன் பைக்கை என் தலையில் கட்டினான். அவன் புதுசு வாங்கிட்டான், அதான் இந்தத் தாராளம். "தம்பி, இது டியூப்லெஸ். உள்ளே டியூபே கிடையாது. முள் குத்தினாலும் தானா அடைச்சுக்கும்"னு சொன்னான். நான் அவனை, நம்ம கிளாஸ் என்னைப் பார்க்குமே, அதே பார்வை பார்த்தேன்.

பைக், கார்ல எல்லாம் டியூப்லெஸ் வந்து ரொம்ப வருஷம் ஆச்சே, சைக்கிளுக்கு என்ன அதிசயம்னு நீங்க கேட்கலாம். விஷயம் இருக்கு பாஸ். காற்று அடைத்த டயரே சைக்கிள் வழியாகத்தான் பிரபலம் ஆச்சு. 1887ல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் ஜான் பாய்ட் டன்லப் என்கிற கால்நடை டாக்டர், தன் பையனோட மூணு சக்கர சைக்கிள் குலுங்காம ஓடணும்னு யோசித்ததில் ஆரம்பித்த கதை அது. ஆனா, மவுன்டன் பைக்குக்கு டியூப் இல்லாத டயர்னு ஒரு முறையான ஏற்பாட்டை மாவிக், ஹட்சின்சன், மிஷெலின் கம்பெனிகள் சேர்ந்து கொண்டுவந்தது 1999ல்தான். மோட்டார் பைக் டயர் தடியான ரப்பர். தானே காற்றைப் பிடிச்சு வைச்சுக்கும். சைக்கிள் டயர் மெல்லிசு. அதோட பக்கச் சுவர் வழியாகவே காற்று கசியும். அதனால் உள்ளே ஒரு திரவத்தை ஊற்றி வைக்கணும். அதுக்குப் பேர் சீலன்ட்.

பார்க்க அசல் பால் மாதிரியே இருக்கும். பெரும்பாலான சீலன்ட்ல முக்கியமான சரக்கு ரப்பர் பால்தான். கன்னியாகுமரிப் பக்கம் ரப்பர் மரத்தைச் சீவி, கொட்டாங்கச்சி மாதிரி கிண்ணத்தில் பிடிப்பாங்களே, அந்த வகையறா. அது கெட்டியாகாம இருக்கக் கொஞ்சம் அமோனியா மாதிரி மருந்து, கூடவே பொடிப்பொடியாச் சில துகள்கள். முள் குத்தினதும் காற்று ஓட்டை வழியா வெளியே பாயும். பால் அதோடயே போகும். துகள்கள் ஓட்டையில் போய் மாட்டிக்கும். அதைச் சுற்றி ரப்பர் பால் உறைஞ்சுடும். நம்ம கையில் அடிபட்டா ரத்தம் உறைஞ்சு பொருக்குக் கட்டுமே, அதே டெக்னிக்!

பைக்கோட அரை லிட்டர் சீலன்ட் பாட்டிலும், வால்வுக்குள்ளே இருக்கும் ஊசியைக் கழற்ற ஒரு குட்டிச் சாவியும் கொடுத்தான். நல்லவேளை, வால்வ் நம்ம மோட்டார் பைக்ல இருக்கிற அதே சைஸ். எந்த பெட்ரோல் பங்க்ல வேணும்னாலும் காற்று அடிச்சுக்கலாம். போகும்போது ஒண்ணே ஒண்ணு சொன்னான்: "ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை பால் ஊத்திடு. மறந்துடாதே."

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "சைக்கிளுக்குப் பால் ஊத்தணும்மா"ன்னேன். அம்மா கையில் இருந்த கரண்டி என்னை நோக்கி வந்தது. "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சுடா பேசுற? வாயைக் கழுவு!"

டயரை மாட்டினது ஒரு தனி சினிமா. ரிம்மில் இருக்கும் கம்பி ஓட்டைகளை எல்லாம் டேப் சுற்றி மூடணும். வால்வை இறுக்கணும். டயரை மாட்டி, ஓரத்தில் சோப்புத் தண்ணி தடவணும். அப்புறம் காற்று. கைப்பம்பில் அடிச்சு அடிச்சு எனக்குத்தான் மூச்சு போச்சு, டயருக்குப் போகலை. ஏன்னா, மெதுவாக் காற்று போனா, ஓர இடைவெளி வழியா அப்படியே வெளியேறிடும். ஒரே மூச்சில் போகணும். தாத்தா கடை கம்ப்ரஸருக்குத் தூக்கிட்டுப் போனேன். அவர் குழாயை வைத்து அழுத்தினார். 'டப்... டப்...'னு தீபாவளி வெடி மாதிரி ரெண்டு சத்தம். டயர் ஓரம் ரிம்ல போய் உட்கார்ந்துவிட்டது. வேப்பமரத்துக் காக்கா எல்லாம் பறந்து போச்சு. அப்புறம் காற்றை இறக்கி, வால்வ் ஊசியைக் கழற்றி, பாட்டிலை நல்லாக் குலுக்கி, ஒரு சக்கரத்துக்கு நூறு மில்லி பால் ஊற்றினேன். மறுபடி காற்று. சக்கரத்தைச் சுற்றி, சாய்த்து, ஆட்டி, குழந்தையைத் தாலாட்டுற மாதிரி பத்து நிமிஷம்.

எல்லாம் முடிஞ்சதும் தாத்தாகிட்ட ஒரு டயலாக் விட்டேன் பாருங்க. "தாத்தா, இனிமே உங்க கடைப் பக்கமே வர மாட்டேன்!"

அவர் கோபப்படலை. கையைத் துடைச்சுக்கிட்டே, "நல்லது. நல்லாப் படி"ன்னார்.

அடுத்த சில மாசம் நான் ராஜா. முள் குத்தும். 'உஸ்ஸ்'னு ஒரு சத்தம். ஓட்டை இருக்கும் இடம் கீழே வர்ற மாதிரி சக்கரத்தைத் திருப்பி நிறுத்துவேன். வெள்ளையா ஒரு சொட்டு எட்டிப் பார்க்கும். சத்தம் அடங்கிடும். கிளம்பிப் போயிட்டே இருப்பேன். இன்னொரு லாபம், காற்றை அதிகமா அடிக்க வேண்டியதில்லை. டியூப் இருந்தா, காற்று கம்மியா இருக்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் அது நசுங்கிக் கிழியும். இங்கேதான் டியூபே இல்லையே! முப்பது பிஎஸ்ஐ வைத்து, குண்டும் குழியுமான ரோட்டில் மெத்தையில் போற மாதிரி போனேன். கிளாஸுக்கு எனக்கு முன்னாடி ஸ்வீப்பர் அக்கா மட்டும்தான் வருவாங்க. அட்டெண்டன்ஸ் கம்மின்னு என்னைக் கூப்பிட்டு விட்ட ஹெச்.ஓ.டி.யே, "என்னப்பா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டார்.

ஆகஸ்ட்ல ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை பால் ஊற்றினேன். பாட்டில் காலி. புதுசு வாங்கக் காசு வேணும். அண்ணன்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்கக் கூச்சம். டிசம்பர் போச்சு, பொங்கலும் போச்சு. 'அதான் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு!'ன்னு மனசு சொன்னது. அரியர் வைக்கிறவன் மனசு சொல்றதும் இதேதான் மக்களே.

மார்ச் மாசம். என் தங்கச்சிக்கு பிளஸ் டூ பப்ளிக் எக்ஸாம். ஏழு மணி பஸ்ஸில் டவுனுக்குப் போய்ட்டாள். ஒன்பது பத்துக்கு எனக்கு போன். "அண்ணே... மிஸ் போன்ல இருந்து பேசுறேன். ஹால் டிக்கெட்டை வீட்டுலயே வச்சுட்டேண்ணே..." அதுக்கு மேல் அழுகைதான் கேட்டது.

சாமி படத்துக்கு முன்னாடி, திருநீறு பூசின ஹால் டிக்கெட் பத்திரமாக இருந்தது. எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பத்து மணிக்கு எக்ஸாம். பதினோரு கிலோமீட்டர். என் பைக் இருக்க பயமேன்! கண்மாய்க் கரை வழியாப் போனா ஒரு கிலோமீட்டர் மிச்சம்னு குறுக்கே விட்டேன்.

கரையில் யாரோ வெட்டிப் போட்ட கருவேலங்கிளை. ஒடிக்கிறதுக்குள் முன் சக்கரம் ஏறி இறங்கியது. உஸ்ஸ்...

பழக்க தோஷத்தில் சக்கரத்தைத் திருப்பி நிறுத்தினேன். வெள்ளைச் சொட்டு வரலை. இன்னும் கொஞ்சம் சுற்றினேன். வெறும் காற்றுதான் வந்தது. கைப்பம்பை எடுத்து அடித்தேன். அடிக்க அடிக்கப் போனது. சக்கரத்தைக் கழற்றி காதுகிட்ட வைத்து ஆட்டினேன். சத்தமே இல்லை. உள்ளே பால் இருந்தாத்தானே சத்தம் வரும்! எங்க ஊர் வெயிலில் ரெண்டு மூணு மாசத்திலேயே காய்ந்து போற சரக்கை, அஞ்சு மாசமா நான் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஸ்பேர் டியூப்? டியூப்லெஸ்காரனுக்கு எதுக்கு டியூப்! அந்தத் திமிரில் ஒண்ணும் வாங்கி வைக்கலை. பைக்கை அங்கேயே போட்டுட்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். ஒன்பது முப்பத்தஞ்சு. ஒரு லாரியும் நிற்கலை. என் எக்ஸாமா இருந்திருந்தா, அடுத்த செமஸ்டர்ல பார்த்துக்கலாம்னு உட்கார்ந்திருப்பேன். இது அவளோட எக்ஸாம். அவள் வருஷம் பூரா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் படிச்சதைப் பக்கத்துப் பாயில் படுத்துப் பார்த்தவன் நான். ஓடிக்கிட்டே அழுதேன்னு சொன்னா நம்புவீங்களா? அழுதேங்க.

பின்னாடி 'டுர்ர்ர்'னு ஒரு டிவிஎஸ் எக்ஸெல். பஞ்சர் கடைத் தாத்தா! பின்னாடி நாலு பழைய டயரைக் கட்டியிருந்தார். நான் மூச்சு வாங்கிக்கிட்டே ரெண்டு வார்த்தைதான் சொன்னேன். டயரை எல்லாம் அவிழ்த்து ரோட்டோரம் போட்டார். "ஏறுப்பா."

அந்த எக்ஸெல் அவ்வளவு வேகம் போகும்னு அதைச் செய்த கம்பெனிக்கே தெரியாது. ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு ஸ்கூல் கேட். தங்கச்சி கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்றாள். ஹால் டிக்கெட்டை வாங்கிக்கிட்டு உள்ளே ஓடினாள். ஒரு வார்த்தை பேசலை. சாயங்காலம் வந்துதான் பேசினாள். "அண்ணே, இனிமே அவசரமா எதையாவது கொண்டு வர்றதா இருந்தா, தயவுசெஞ்சு நடந்தே வா."

மத்தியானம் பைக்கைத் தூக்கிட்டுத் தாத்தா கடைக்குப் போனேன். ஒன்பது மாசம் முன்னாடி விட்ட டயலாக் என் காதுக்குள்ளேயே ஒலிச்சது. அவர் அதைப் பற்றி மூச்சு விடலை. டயரைப் பிரித்தார். உள்ளே, காய்ச்சின பால் மேல ஆடை படியுமே, அந்த மாதிரி ரப்பர் தோல் ஒட்டியிருந்தது. உரித்து எடுத்தார். நான் டியூபைப் போட அவசரப்பட்டேன். "இரு"ன்னார். டயருக்குள் விரலை விட்டு, மெதுவாத் தடவிக்கிட்டே வந்தார். ஒவ்வொரு முள்ளா, குறடால் பிடுங்கித் தரையில் வைத்தார்.

மொத்தம் முப்பத்தொண்ணு!

அத்தனை முள்ளும் டயருக்குள் ஒடிஞ்சு நின்று, சீலன்ட் புண்ணியத்தில் இத்தனை நாள் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கு. அதைப் பிடுங்காமல் டியூபைப் போட்டிருந்தா, பத்தடி போறதுக்குள் அந்த டியூப் சல்லடை. தாத்தா சொன்னார்: "மருந்து நல்ல மருந்துதான்ப்பா. மருந்து தீர்ந்தது தெரியாம ஆள் ஆடியிருக்கான், அவ்வளவுதான்." இருபத்தாறு இஞ்ச் டியூப் ஒண்ணை என் இருபத்தேழரை இஞ்ச் சக்கரத்துக்கு இழுத்து மாட்டி, "இது தாங்கும், போயிட்டு வா"ன்னு அனுப்பினார். டியூபுக்குக் காசு வாங்கிக்கிட்டார். எக்ஸெல் பெட்ரோலுக்குக் கொடுத்ததை வாங்கலை.

ராத்திரி இதை அப்பாகிட்ட சொன்னேன். எங்க அப்பாவுக்குக் கரிமூட்டத் தொழில். அதே சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் மூடி, எரித்துக் கரி ஆக்கி விற்பது. அப்பா திண்ணையில், பல்பு வெளிச்சத்தில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊக்கால் உள்ளங்காலைக் கிளறிக்கொண்டு இருந்தார். தினமும் நடக்கிறதுதான். "முப்பத்தொரு முள்ளுப்பா!"ன்னேன், பெரிய சாதனை மாதிரி.

அப்பா சிரிச்சார். "உன் டயர்ல முப்பத்தொண்ணு. என் கால்ல எத்தனைன்னு எண்ணியிருக்கியா? எண்ணாதே. அதுலதான் உனக்கு ஃபீஸ் கட்டுறேன்."

நான் ஊக்கை வாங்கிக்கிட்டு கீழே உட்கார்ந்தேன். அன்னிக்கு அப்பா காலில் ரெண்டு முள் எடுத்தேன். இப்போ வாரத்தில் நாலு நாளாவது அது என் டியூட்டி.

சரி, சென்டிமென்ட் போதும். உங்களில் யாராவது டியூப்லெஸ் சைக்கிள் வைத்திருந்தாலோ, வாங்கப் போறதா இருந்தாலோ, முப்பத்தொரு முள் கற்றுக் கொடுத்த பாடத்தைச் சும்மாவே தர்றேன், வாங்கிக்கங்க.

டியூப்லெஸ்னா பஞ்சர் ஆகாதுன்னு அர்த்தம் இல்லை. பஞ்சர் ஆனது நமக்குத் தெரியாதுன்னுதான் அர்த்தம். அதனால் தேங்காய் வாங்குற மாதிரி, மாசம் ஒரு தடவை சக்கரத்தைக் கழற்றி ஆட்டிப் பாருங்க. களக் களக்னு சத்தம் வரணும். சந்தேகமா இருந்தா, வால்வைக் கீழ்ப்பக்கம் வைத்து, காற்றை இறக்கி, ஊசியைக் கழற்றிட்டு, ஒரு ஈர்க்குச்சியை உள்ளே விட்டுப் பாருங்க. நுனி நனைஞ்சு வந்தா சரி. காய்ஞ்சு வந்தா பால் ஊத்துங்க. எங்க ஊர் மாதிரி வெயில்னா ரெண்டு மாசம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம்னா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும்.

பைக்கை வெயிலில் போடாதீங்க. நிறுத்தும்போது வால்வ் மேலே இருக்கட்டும். கீழே இருந்தா பால் அதுக்குள்ளேயே தேங்கி உறைஞ்சு, காற்றுப் போற வழியை அடைச்சுடும். அப்படி அடைச்சா, ஊசியை மாற்றிட்டா போதும். ஒரு கம்பெனி பாலோட இன்னொரு கம்பெனி பாலைக் கலக்காதீங்க, உள்ளே திரிஞ்சு கட்டி தட்டலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு இந்த வேலை செய்யாதீங்க. ஈரமா இருக்கும்போதே துடைச்சாத்தான் போகும். காய்ஞ்சா அந்தச் சட்டை அடுத்த வருஷம் பைக் துடைக்கத்தான்.

முக்கியமா, சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்பேர் டியூப், ஒரு பம்ப், முள் பிடுங்க ஒரு சின்னக் குறடு. பெரிய கிழிசலைப் பாலால் அடைக்க முடியாது. அப்போ கடவுளுக்கு அடுத்தபடியா அந்த டியூப்தான் துணை. போடுறதுக்கு முன்னாடி, தாத்தா செய்த மாதிரி, உள்ளே ஒரு சுற்று விரலை விட்டுத் தடவிடுங்க.

இதெல்லாம் செய்ய நேரம் இல்லை, தினமும் ரெண்டு கிலோமீட்டர்தான் ஓட்டுறேன்னா, உங்களுக்கு டியூப் போட்ட சாதா சைக்கிளே போதும். கௌரவமா பஞ்சர் ஒட்டிக்கிட்டுப் போங்க. தப்பே இல்லை. எங்களை மாதிரி முள்ளுக்காட்டில் பிறந்தவங்களுக்குத்தான் இந்தப் பால் அபிஷேகம்.

தங்கச்சி அந்தப் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி, இப்போ எங்க காலேஜ்லயே ஃபர்ஸ்ட் இயர். பஸ்ஸை விட்ட நாளில் என் பைக்கைத் தூக்கிட்டுப் போயிடுறாள். தாத்தா கடையில் இப்போ ஒரு சீலன்ட் பாட்டில் நிற்குது. நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வர்றவங்ககிட்ட எல்லாம் "சைக்கிள் பால்"னு சொல்லி, குலுக்கிக் காட்டுறார். எங்க வீட்டுக் காலண்டரில் ரெண்டு மாசத்துக்கு ஒரு தேதியில் சிவப்பு வட்டம் போட்டிருக்கும். முன்னே கரண்டியை வீசின அம்மாவே அந்த நாள் வந்துட்டா வாசலில் நின்று கேட்கிறாங்க: "என்னடா, சைக்கிளுக்குப் பால் ஊத்தியாச்சா?"

போன வாரம் பக்கத்து வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க, அதைக் கேட்டுப் பதறிப் போய், "எப்போ தவறுச்சு?"ன்னு விசாரிச்சது தனிக் கதை.

அது இருக்கட்டும். நீங்க கடைசியா எப்போ உங்க சக்கரத்தை ஆட்டிப் பார்த்தீங்க?